பத்து நிமிடக் கணக்கு: ஒரே ஒரு வேனை வைத்துக் கூரியர் தொழில் தொடங்கிய கதை

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்துக்குள் நுழைந்து பத்து நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட்டால் கட்டணம் கிடையாது. கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வேனை நிறுத்தி, பார்சலைத் தேடி எடுத்து, மின்தூக்கிக்குக் காத்திருந்து, பன்னிரண்டாம் மாடியில் கதவைத் தட்டி, படம் எடுத்து, இறங்கி வந்து தடுப்புக் கம்பத்தைத் தாண்ட முடியுமா? முடியும், எல்லாம் சரியாக அமைந்தால். அமையாத நாள்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

ஒரு கூரியர் நிறுவனத்தில் எட்டு ஆண்டு வேன் ஓட்டினேன். சம்பளம் பாதி, பார்சல் கணக்குப் பாதி. 2020 ஏப்ரல், மே மாதங்களில் ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது நாங்கள்தான் வெளியே சுற்றிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகும் பார்சல் குறையவில்லை. ஒரு பார்சலுக்கு என் கைக்கு வருவதுதான் குறைந்தது. அப்படியே ஓட்டிக்கொண்டு இருந்திருப்பேன். லிட்டில் இந்தியாவில், தேக்காவில் பிளவுஸ் தைக்கும் அக்கா ஒருவர்தான் ஆரம்பித்து வைத்தார். “உங்க ஆபீசுக்குப் போன் போட்டா ஒன்னை அமுக்கு, ரெண்டை அமுக்குங்குது. நீயே வந்து எடுத்துட்டுப் போனா என்ன தம்பி?” என்றார். அவருக்கு வாரத்தில் பதினைந்து, இருபது பிளவுஸ் தீவு முழுக்கப் போக வேண்டும். பக்கத்துக் கடைக்காரருக்கும் அதே தேவை. 2024 மார்ச்சில் வேலையை விட்டேன்.

பதிவு செய்வது அரை மணி நேர வேலை. சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாக, தொழில்களைப் பதியும் அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்துக்குள் போனால் தனி உரிமையாளர் தொழிலாகப் பதியலாம். பெயருக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி. மூன்று ஆண்டு வேண்டுமென்றால் 160. நான் ஓராண்டுதான் எடுத்தேன். மூன்று ஆண்டு எடுக்க அப்போது தைரியம் இல்லை. ஏற்கெனவே சொந்தத் தொழில் செய்தவர்களுக்கு ஒன்று: மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு) பாக்கி இருந்தால் அதைக் கட்டிவிட்டுத்தான் பதிவுக்குப் போக வேண்டும். முகவரிக்கு வீட்டையே கொடுத்தேன், வீவகவின் வீட்டு அலுவலகத் திட்டத்தின்கீழ். அதனால் வீட்டைக் கிடங்காக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். எந்தப் பார்சலும் என் வீட்டில் இரவு தங்காது என்பதை முதல் நாளே முடிவு செய்துகொண்டேன். மனைவியும் அதைத்தான் சொன்னாள், வேறு வார்த்தைகளில்.

கடிதங்களைத் தொடவில்லை. கடிதம் என்றால் அஞ்சல் சட்டம், தகவல் தொடர்புத் துறையை மேற்பார்க்கும் ஐஎம்டிஏவின் உரிமம் என்று விஷயம் வேறு பக்கம் போய்விடும். எனக்குப் பார்சல் மட்டும் போதும்.

வண்டி

வேனை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்று மூன்று வாரம் யோசித்தேன். யோசிக்க ஒன்றுமே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. சரக்கு வாகனங்களுக்கான ‘சி’ பிரிவு சிஓஇ (வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) அந்த ஆண்டு எழுபதாயிரம் வெள்ளியைச் சுற்றி நின்றது. வேனின் விலை அதற்கு மேல். எத்தனை பார்சல் வரும் என்று தெரியாத ஒருவன் அந்தக் கடனைத் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. வாடகைக்கே எடுத்தேன். பழைய நிசான் என்வி200, மாதம் 1,500 வெள்ளி, பழுதுபார்ப்பு அவர்கள் பொறுப்பு. இதைவிடப் பெரிய வேன் மலிவாகக் கிடைத்தது. ஆனால் உயரமான வண்டி எல்லா அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்துக்குள்ளும் நுழையாது. நுழைவாயிலில் தொங்கும் உயரத் தடுப்பைப் பார்த்ததும் பின்னால் நான்கு கார் நிற்க ரிவர்ஸ் எடுக்கும் அனுபவம் எனக்குப் பழைய வேலையிலேயே போதும் போதும் என்று ஆகிவிட்டது.

வாடகை ஒப்பந்தத்தில் நான் கவனிக்கத் தவறிய வரி ஒன்று உண்டு. அதிலிருந்த காப்பீடு, சொந்தச் சரக்கை ஏற்றுவதற்கு மட்டும். பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றினால் அது செல்லாது. இதை எனக்குச் சொன்னது காப்பீட்டு முகவர் இல்லை, காப்பிக்கடையில் பக்கத்து மேசையில் தே ஓ குடித்துக்கொண்டிருந்த ஒரு லாரி ஓட்டுநர். “ஹையர் அண்ட் ரிவார்ட் இருக்கா பாத்தீங்களாண்ணே?” என்றார். பார்த்தேன், இல்லை. நான்கு நாள் வண்டியை எடுக்காமல் போட்டுவைத்து, கூடுதல் கட்டி, அதைச் சேர்த்த பிறகுதான் ஓட்டினேன். உள்ளே இருக்கும் பார்சல் போகும் வழியில் சேதமானால் அதற்கான காப்பீடு தனி. அதையும் சிறிய தொகைக்கு எடுத்தேன். இந்த இரண்டும் இல்லாமல் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பொழுது நல்லபடியாகவே போகட்டும்.

அடுத்தது அலமாரி. வாடகை வண்டியின் உடம்பில் ஓட்டை போடக் கூடாது. அதனால் தானாக நிற்கும் சட்டம் ஒன்றைச் செய்து உள்ளே வைத்து, தரையில் இருக்கும் கொக்கிகளோடு ராட்செட் பட்டையால் இறுக்கினேன். ஜாலான் புசார் பக்கம் ஒரு வன்பொருள் கடையில் துளையிட்ட கோண இரும்பு வாங்கி, அளவு சொல்லி அங்கேயே வெட்டிக்கொண்டேன். தட்டுக்கு 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை. மூன்று தட்டு, தட்டுக்கு நான்கு பிளாஸ்டிக் தொட்டி, மொத்தம் பன்னிரண்டு தொட்டி. முதலில் பின்கதவைப் பார்த்துத்தான் அலமாரியை வைத்தேன். அது தப்பு. கார் நிறுத்துமிடத்தில் ரிவர்ஸ் போட்டு நிறுத்தினால் பின்கதவுக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நிற்க இடம் இருக்காது, கதவு முழுசாகத் திறக்கவும் செய்யாது. இரண்டாவது வாரம் எல்லாவற்றையும் கழற்றி, இடப்பக்க நகர்கதவைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். இப்போது கதவை இழுத்தால் தொட்டிகள் நேராகக் கண்ணில் படும். நடைபாதை ஓரத்திலேயே நின்று எடுக்கலாம், போக்குவரத்துப் பக்கம் போகவே வேண்டாம். பின்கதவு பெரிய பெட்டிகளுக்கும் தள்ளுவண்டிக்கும் மட்டும்.

தட்டின் முன்விளிம்பில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு பட்டை அடித்திருக்கிறேன். அது இல்லாமல் ஓட்டிய முதல் நாளே வேகத்தடையில் ஏறி இறங்கியபோது மூன்று தொட்டிகள் தரைக்கு வந்துவிட்டன.

முதல் மாதம்

ஏப்ரல் முழுக்க யார் கூப்பிட்டாலும் போனேன். வடக்கே உட்லண்ட்சில் ஒன்று, அங்கிருந்து கிழக்கே பிடோக்கில் ஒன்று, பிறகு மேற்கே ஜூரோங் வெஸ்ட், மறுபடி வடக்கே ஈசூன். பிஐஇ விரைவுச்சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டரில் போய்க்கொண்டே, நாம் பிசியாக இருக்கிறோம் என்று சந்தோஷப்பட்டேன். மாதக் கடைசியில் மனைவி நோட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சராசரியாக ஒரு நாளைக்கு 18 பார்சல், பார்சலுக்கு 8 வெள்ளி, ஆக 144 வெள்ளி. செலவில் வேன் வாடகையை 26 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 57 வெள்ளி 70 காசு. பெட்ரோல் 22, வண்டி நிறுத்தக் கட்டணம் 14, ஈஆர்பி (மின்னியல் சாலைக் கட்டணம்) 5, காப்பீடும் போனும் சேர்த்து 3. மொத்தம் 101 வெள்ளி 70 காசு. மிச்சம் 42 வெள்ளி 30 காசு. உழைத்தது பதினொரு மணி நேரம். மணிக்கு நான்கு வெள்ளிகூட இல்லை. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை மூடி வைத்தாள், அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து போனில் ஸ்டாப்வாட்ச் போட்டேன். ஒரு வாரம் ஒவ்வொரு நிறுத்தத்தையும் பிரித்து எழுதினேன். வீவக புளோக் ஒன்றில் சராசரி இப்படி இருந்தது: இடம் தேடி நிறுத்த 2 நிமிடம், பார்சலை எடுக்க ஒன்றரை, நடக்க 2, மின்தூக்கி ஏறவும் இறங்கவும் 3, வாசலில் ஒன்று, திரும்ப நடந்து வண்டியை எடுக்க ஒன்றரை. கூட்டினால் 11. அந்த இலவசப் பத்து நிமிடத்தை ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்தில் கோட்டை விட்டுக்கொண்டிருந்தேன்! கட்டணம் நிமிடத்துக்கு 2 காசுதான், அரை மணிக்கு 60 காசு, அதனால் ஒரு தடவைக்குப் பெரிய தொகை இல்லை. நகர மையத்தில் மட்டும் அது இரண்டு மடங்கு. காசைவிட என்னை உறுத்தியது அந்த ஒரு நிமிடம். எங்கே பிடிக்கலாம் என்று பார்த்தால், மின்தூக்கியை வேகமாக்க முடியாது, நடையையும் ஓரளவுக்கு மேல் வேகமாக்க முடியாது. பார்சலைத் தேடும் ஒன்றரை நிமிடம் மட்டும்தான் என் கையில் இருந்தது.

கூட்டுரிமை வீடுகளை (காண்டோ) அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அங்கே பாதுகாவலர் சாவடியில் வண்டி எண் எழுதி, வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, அவர் எடுக்காமல் மறுபடி போட்டு, எந்தக் கட்டடம் என்று தேடி இறங்கினால் 18 நிமிடம். தொழிற்பேட்டைகள் வேறு ரகம். ஊபி, காக்கி புக்கிட் பக்கம் காலை பத்து மணிக்குப் போனால் ஐந்து நிமிட வேலை. பன்னிரண்டரைக்குப் போனால் சரக்கு இறக்குமிடத்தில் வரிசை, உள்ளே கடையில் ஆள் சாப்பிடப் போயிருப்பார். இப்போது தொழிற்பேட்டை எல்லாம் காலை பதினொன்றுக்குள்.

தபால் எண்ணே வரைபடம்

பார்சல் தேடும் நேரத்தைக் குறைக்க நான் செய்த ஒரே காரியம், முகவரியைப் படிப்பதை விட்டுவிட்டுத் தபால் எண்ணைப் படிக்கத் தொடங்கியது. நம் ஊர் ஆறு இலக்க எண் 1995 செப்டம்பரில் வந்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் எண். முதல் இரண்டு இலக்கம் வட்டாரம். வீவக புளோக்குகளில் கடைசி மூன்று இலக்கம் பெரும்பாலும் புளோக் எண்ணேதான். தேக்கா நிலையம் பஃபலோ ரோட்டில் புளோக் 665, தபால் எண் 210665. அக்காவின் கடைக்குப் போகும்போதெல்லாம் பார்த்த எண், ஆனால் எட்டு ஆண்டில் ஒரு நாளும் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை.

புளோக் எண்ணுக்குப் பின்னால் எழுத்து வந்தால்தான் சுவாரசியம். பொங்கோலில் புளோக் 273சி என்றால் 823273. நடுவில் இருக்கும் 3 அந்த ‘சி’யைக் குறிக்கிறது. ஏ என்றால் 1, பி என்றால் 2. இதை நான் தெரிந்துகொண்டது ஒரு கல்யாண பிளவுஸைத் தொலைத்த பிறகு. முகவரியில் எழுத்தே இல்லாமல் வெறும் புளோக் எண் மட்டும் எழுதியிருந்தார்கள். ஏ புளோக்கில் அதே மாடி, அதே எண் வீட்டில் பார்சலைக் கொடுத்துவிட்டேன். ஒரு சீனப் பாட்டி சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார். போனில் இருந்த படமும் தெளிவாகத்தான் இருந்தது, வேறு வீட்டுக் கதவு என்பதைத் தவிர. இரவு ஒன்பதரைக்கு மணப்பெண்ணின் அம்மா போன் போட்டார். தபால் எண்ணைப் பார்த்தேன், மூன்றாவது இலக்கம் 4. அதாவது டி புளோக். திரும்பப் போனேன். பாட்டி பிளவுஸை அழகாக மடித்து வைத்திருந்தார், தன் பேத்தி வாங்கியது என்று நினைத்தாராம். இப்போதெல்லாம் வாடிக்கையாளரிடம் முதலில் கேட்பது தபால் எண், அதற்குப் பிறகு வீட்டு எண், கடைசியில்தான் தெருப் பெயர். புளோக்கோடு எண் ஒத்துப்போகவில்லை என்றால் வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே போன் போட்டுவிடுவேன். சந்தேகம் இருந்தால் ஒன்மேப் என்ற இணைய வரைபடத்தில் எண்ணைத் தட்டிப் பார்ப்பேன்.

எண் வரிசைப்படி அடுக்கினால் போதும் என்று நினைத்து ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். செங்காங் 54, பொங்கோல் 82. இரண்டும் பக்கத்துப் பக்கத்து நகரங்கள், ஆனால் எண்ணில் அத்தனை தூரம். நடுவில் இருக்கும் 64 ஜூரோங் வெஸ்ட், தீவின் அந்தக் கோடி. அதனால் தொட்டிகளில் எண் வரிசை கிடையாது, நான் ஓட்டும் வரிசை. 76, 75, 73 ஒரு பக்கம்: ஈசூன், செம்பவாங், உட்லண்ட்ஸ். 56, 54, 82 இன்னொரு பக்கம்: அங் மோ கியோ, செங்காங், பொங்கோல். கடைசியாக இறக்கப்போவது முதலில் உள்ளே போகும். ஒவ்வொரு பார்சலின் மேலும் கறுப்பு மார்க்கரில் இரண்டு எண் எழுதுவேன், தொட்டி எண் ஒன்று, அன்றைய நிறுத்தத்தின் எண் ஒன்று. தேடும் நேரம் ஒன்றரை நிமிடத்திலிருந்து இருபது விநாடியாகக் குறைந்தது. பதினொரு நிமிடம் பத்துக்குள் வந்துவிட்டது.

தீவை இரண்டாக வெட்டியது

ஆனால் உண்மையில் வருமானத்தை மாற்றியது மார்க்கர் இல்லை. ஜூன் மாதம் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே செய்தி அனுப்பினேன்: திங்கள், புதன், வெள்ளி வடக்கும் வடகிழக்கும், செவ்வாய், வியாழன், சனி கிழக்கும் மேற்கும். அந்தந்த நாளுக்குக் காத்திருந்தால் 5 வெள்ளி 50 காசு. காத்திருக்க முடியாது, இன்றே வேண்டும் என்றால் 15 வெள்ளி. பாதிப் பேர் ஓடிப்போவார்கள் என்று பயந்தேன். போனது இரண்டே பேர். பிளவுஸ் அக்கா, “இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி, நானும் வெள்ளிக்கிழமைக்குன்னு சேர்த்து வச்சிருப்பேன்” என்றார்.

ஆகஸ்டில் நாளுக்கு 32 பார்சல் வந்தது. 176 வெள்ளி. ஒரே பக்கம் ஓடியதால் பெட்ரோல் 15, நிறுத்தக் கட்டணம் 9, ஈஆர்பி 2. வாடகை, காப்பீடு அதே. செலவு 86 வெள்ளி 70 காசு, மிச்சம் 89 வெள்ளி 30 காசு, எட்டு மணி நேரத்தில். விலையைக் குறைத்துவிட்டு இரண்டு மடங்கு சம்பாதிப்பது எப்படி என்று என் மச்சான் கேட்டார். ஒரே கார் நிறுத்துமிடத்தில் நிறுத்தி மூன்று புளோக்குக்கு நடந்தால் ஒரு பார்சலுக்கு ஐந்து நிமிடம்தான் ஆகிறது, அவ்வளவுதான் விஷயம் என்றேன். அவர் இன்னும் நம்பவில்லை.

இதற்காக மஞ்சள் கோட்டில் நிறுத்தி ஓடுவது வேண்டாம். இரட்டை மஞ்சள் கோடு என்றால் எந்நேரமும் நிறுத்தக் கூடாது. ஒற்றைக் கோடு என்றால் திங்கள் முதல் சனிவரை காலை ஏழிலிருந்து மாலை ஏழுவரை கூடாது. நம் வேலை நேரம் முழுக்க அதுதான். மே மாதம் ஒரு தடவை ‘ரெண்டே நிமிஷம்’ என்று சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் நிறுத்தினேன். திரும்பி வரும்போது கண்ணாடியில் தாள் இருந்தது. அன்றைய லாபம் அதோடு போயிற்று.

முறுக்கு

2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. செப்டம்பர் கடைசியிலேயே வீட்டில் பலகாரம் செய்து விற்கும் மூன்று அக்காமார் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஈசூனில் ஒருவர், உட்லண்ட்சில் ஒருவர், புக்கிட் பாத்தோக்கில் ஒருவர். முறுக்கு, ஓமப்பொடி, அதிரசம், நெய் உருண்டை.

முறுக்கைப் போல நொறுங்கும் பொருளை நான் அதுவரை ஏற்றியதே இல்லை. முதல் சுற்றில் 14 டப்பாவில் 5 டப்பா தூளாகிப் போனது. உட்லண்ட்ஸ் அக்கா திட்டவில்லை. “பரவால்லப்பா, சாதத்துல போட்டுச் சாப்பிடுவாங்க” என்றார். திட்டியிருந்தால் தேவலாம். ஐந்து டப்பாவுக்கும் காசைக் கொடுத்துவிட்டுக் காரணத்தைத் தேடினேன். டப்பாவுக்குள் மேலே இரண்டு விரல் அளவு காலி இடம் இருந்தது. வண்டி குலுங்கும்போது முறுக்கு குதித்துக் குதித்துத் தன்னாலேயே உடைகிறது. வெளியே எத்தனை மெத்தை போட்டாலும் பயன் இல்லை. மூடிக்கு அடியில் கசக்கிய பேக்கிங் தாளை வைத்து அமுக்கி மூடச் சொன்னேன். தட்டில் பழைய யோகா விரிப்பை வெட்டிப் போட்டேன். அதிரசம், உருண்டை அடியில், முறுக்கு மேல் தட்டில். அடுத்த சுற்றில் உடைந்தது ஒன்று.

அக்டோபர் 29, செவ்வாய்க்கிழமை 61 பெட்டி. நாள் கணக்கை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு தீவு முழுக்க ஓடினோம். ஓடினோம் என்றால், தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருந்த என் சொந்த அக்கா மகனும் நானும். நாளுக்கு 100 வெள்ளி பேசியிருந்தேன். நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. அவன் இரண்டிரண்டு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு ஓடுவான், நான் அடுத்த பெட்டிகளை எடுத்து வைத்து, போன் போட்டு, “தம்பி மேலே வர்றான்” என்று சொல்லிவிடுவேன். ஒரு நிறுத்தம் சராசரி நாலரை நிமிடம். பத்து நிமிடத் தடுப்பில் அன்றைக்கு ஏறக்குறைய எங்கேயும் காசு பிடிக்கவில்லை. மாலை நான்கு மணிக்கு மேல் மழை கொட்டியது. கார் நிறுத்துமிடத்திலிருந்து புளோக் வரைக்கும் கூரை போட்ட நடைபாதை இருக்கும் இடமும் உண்டு, இல்லாத இடமும் உண்டு. பெட்டிக்குப் பெரிய குப்பைப் பை மாட்டினோம், அவனுக்கும் ஒன்று மாட்டினோம். இரவு பத்தே முக்காலுக்குக் கடைசிப் பெட்டி.

பூவுக்கும் ஆசைப்பட்டேன். ஒரு கடைக்காரர் மல்லிகைச் சரம் கொண்டுபோகக் கேட்டார். தெர்மோகோல் பெட்டி, ஐஸ் கட்டிப் பை, அதைச் செய்தித்தாளில் சுற்றி வைத்து எல்லாம் செய்து பார்த்தேன். ஐஸ் பையை ஒட்டியிருந்த சரம் கறுத்துப்போனது, தள்ளியிருந்தது வதங்கிப்போனது. மத்தியானத்தில் நிறுத்தி வைத்த வேனுக்குள் கை வைத்துப் பார்த்தால் தெரியும். பூவை விட்டுவிட்டேன்.

வேண்டாம் என்று சொன்னவை

ஒருவர் வாட்ஸ்அப்பில் மட்டும் பேசினார். சின்னப் பெட்டி, தினமும் ஐந்தாறு, ஒன்றுக்கு 20 வெள்ளி, உள்ளே என்ன என்று கேட்க வேண்டாம் என்றார். நம் ஊரில் மின்சிகரெட் வைத்திருப்பதே குற்றம். தீர்வை கட்டாத சிகரெட்டும் அப்படியே. என்ன பெட்டி என்று தெரியாமல் ஏற்றுவதில்லை என்றேன். பதில் வரவில்லை. அதன் பிறகு எல்லாப் பார்சலுக்கும் ரசீதில் ‘உள்ளே இருப்பது’ என்று ஒரு வரி சேர்த்தேன், அனுப்புகிறவர் கையெழுத்தோடு.

காசு பாக்கி வைத்தவரும் உண்டு. ஓர் இணையக் கடை, மாதக் கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்று இரண்டு மாதம் ஓட்டவைத்தது. பாக்கி 1,140 வெள்ளி. போன் எடுப்பதை நிறுத்தினார்கள். ரசீது, வாசல் படங்கள், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போடப்போகிறேன் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞர் வைக்க வேண்டிய தேவையே இல்லை. ஆறாம் நாள் பேநவ் என்ற மின்பணப் பரிமாற்றத்தில் முழுப் பணமும் வந்தது. இப்போது புதியவர்களுக்குக் கடன் 200 வெள்ளி வரைதான். அதற்குமேல் ஏறினால் பேநவ்வில் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த பார்சல்.

கணக்கு மனைவி கையில். ஐந்து ஆண்டுக்கு ரசீதுகளை வைத்திருக்க வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் படம் பிடித்து மாத வாரியாகப் போட்டுவைக்கிறாள். பொருள் சேவை வரி நமக்கு இல்லை, அதற்கு ஆண்டு வருவாய் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்ட வேண்டும். தாண்டினால் பார்க்கலாம். மெடிசேவ் மட்டும் தப்பாது, நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் கட்டியே ஆக வேண்டும். செயலி வழி வேலை தரும் தளங்களுக்கு ஓட்டும் நண்பர்களுக்கு 2025 ஜனவரி முதல் தளமே மத்திய சேமநிதியில் தன் பங்கைப் போடுகிறது (1995க்கு முன் பிறந்தவர்கள் விரும்பிச் சேர்ந்தால்தான்), வேலையில் அடிபட்டால் இழப்பீடும் உண்டு. நானே ராஜா, நானே மந்திரி என்பதால் எனக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இதைக் கணக்கில் சேர்க்காமல் ‘சொந்தத் தொழிலில் அதிகம் வருகிறது’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். விபத்துக் காப்பீடு ஒன்று எடுத்த பிறகு அந்தப் பேச்சைக் குறைத்துவிட்டேன்.

தீபாவளிக்குப் பிறகு நவம்பரில் நாளுக்கு 19 பார்சலாகச் சரிந்தது. அது பயமுறுத்தியது. ஊபியில் ஓர் அச்சகத்தோடு பேசி, தினமும் காலை ஒன்பதரைக்கு அட்டைப்பெட்டிகளை எடுத்து நான்கு கடைகளில் இறக்க மாதம் 900 வெள்ளிக்கு ஒப்புக்கொண்டேன். முதுகை ஒடிக்கும் வேலை, பெட்டி ஒவ்வொன்றும் 15 கிலோவுக்குக் குறையாது. ஆனால் வேன் வாடகையில் பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிடுகிறது.

2025 மார்ச்சில் பதிவைப் புதுப்பித்தேன். இந்தத் தடவை மூன்று ஆண்டு. அன்று மாலை பிளவுஸ் அக்கா கூப்பிட்டார், பொங்கோலுக்கு ஒன்று இருக்கிறதாம். எந்த புளோக் என்று கேட்டேன். “அதெல்லாம் எதுக்கு, நம்பரை எழுதிக்க” என்று தபால் எண்ணைச் சொல்ல ஆரம்பித்தார்.